முதல் நாவலை நம்பிக் கொடுக்கக்கூடிய ஒரு புத்தகசாலை

திருகோணமலை நகரின் கடைத்தெருவில், அப்பியாசக் கொப்பிகளும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும் முன்வரிசையை நிறைத்திருக்கும் ஒரு சிறிய புத்தகசாலை, உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்களை விற்றுக் கொடுக்கும் பணியையும் நெடுங்காலமாகச் செய்து வருகிறது. என்னுடைய முதல் நாவலை அங்கே விற்பனைக்கு வைத்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. ஒரு கடையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அங்கே பொருள் வாங்கியவர்களாகவே இருப்பார்கள். நான் எழுதுவது அங்கே பொருளைக் கொடுத்தவளின் மதிப்பீடு. முதல் நூலை அச்சிட்டு வீட்டில் அடுக்கி வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் எழுத்தாளர்கள் இந்த மாவட்டத்தில் பலர் இருக்கிறார்கள் என்பதால், அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். நகரத்தில் தமிழ் நாவல் வாங்குபவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்கள் ஓர் ஆசிரியரிடமோ நூலகரிடமோ விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள்.

நூலை ஏற்றுக்கொள்வதற்கு அவர் விதிக்கும் நிபந்தனைகள் குறைவானவை, ஆனால் உறுதியானவை. முதலாவது, சர்வதேச நியம நூல் எண் (ISBN) இருக்க வேண்டும். கொழும்பு 07இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையே இலங்கையில் இந்த எண்ணை வழங்குகிறது. 978-955 என்றோ 978-624 என்றோ அது தொடங்கும். அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ள வேண்டிய இந்த எண்ணைப் பலர் அச்சு முடிந்த பிறகே நினைத்துக்கொள்கிறார்கள் என்பதும், பின்னர் எண்ணைத் தனித்தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அவர் எனக்குச் சொன்னவை. எண் இல்லாத நூலுடன் வருபவரை அவர் வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை. எண் பெறும் வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பெற்ற பிறகு வரும்படி சொல்கிறார். நூலகங்களுக்கு நூல் வாங்குபவர்கள் இந்த எண்ணைப் பார்த்தே பட்டியலில் சேர்க்கிறார்கள் என்பதால், இது வெறும் சடங்கு அன்று.

இரண்டாவது நிபந்தனை கழிவு. விற்பனை விலையில் 25 வீதம் கடைக்கு, மிகுதி எழுத்தாளருக்கு. இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுவது பயனுள்ளது. என் நாவல் 208 பக்கங்கள் கொண்டது, அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் 16 பக்கங்களை ஒரு பாரம் என்று கொண்டால் 13 பாரம். அச்சிட்டவை 300 பிரதிகள். ஈழத்துத் தமிழ் நூல்கள் இன்று பெரும்பாலும் இந்த அளவில்தான் அச்சாகின்றன. அச்சுத்தகடும் எந்திரத்தை ஆயத்தப்படுத்தும் கூலியும் நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், பிரதிகள் குறையக் குறைய ஒவ்வொன்றின் அடக்கவிலை ஏறிக்கொண்டே போகிறது. எனக்கு ஒரு பிரதிக்கு 520 ரூபா செலவாயிற்று; விலை 1000 ரூபா. 25 வீதக் கழிவில் எனக்கு 750 ரூபா கிடைக்கும்போது அடுத்த நூலுக்கு ஏதோ மிஞ்சுகிறது. 40 வீதம் கேட்கும் இடத்தில் 600 ரூபாதான் கைக்கு வரும். பொதி அனுப்பும் செலவையும் அதில் கழித்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. 2022இல் கடதாசி இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நெருக்கடிக்குப் பிறகு அச்சுச் செலவு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அந்தச் சுமை முழுவதும் தன் காசில் நூல் போடுபவரின் தோளில்தான் இருக்கிறது. ஆகவே 25 வீதம் என்பதை நான் ஒரு சலுகையாகவே எண்ணுகிறேன்.

ஆனால் கழிவைக் காட்டிலும் முக்கியமானது கணக்கு. இந்தப் புத்தகசாலையின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. நூல்களை ஒப்படைக்கும் அன்றே, எத்தனை பிரதிகள், என்ன விலை, என்ன கழிவு என்று கரித்தாள் வைத்து எழுதிய பற்றுச்சீட்டில் இருவரும் கையொப்பமிடுகிறோம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவரே தொலைபேசியில் அழைத்து, விற்றவை இத்தனை, இருப்பவை இத்தனை என்று சொல்லிவிட்டு, வந்து காசைப் பெற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். இரண்டே பிரதிகள் விற்ற காலாண்டிலும் அந்த அழைப்பு வந்தது. விற்காத பிரதிகளைத் திருப்பிக் கேட்டால், மேலுறை கசங்காமல் வெள்ளைத்தாள் சுற்றித் தருகிறார்.

இதைச் சாதாரணம் என்று நினைப்பவர்கள் முதல் நூலை வெளியே அனுப்பிப் பார்க்காதவர்கள். கொழும்பில் ஒரு விற்பனை நிலையத்துக்கு நான் ஒரு பொதி அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான ஒரு வரி கூட எழுத்தில் வரவில்லை. பல மாதங்கள் கழித்து விசாரித்தபோது, கணக்குப் பார்ப்பவர் விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள். பிறகு நூல் எங்கே வைக்கப்பட்டது என்று தேட வேண்டும் என்றார்கள். கடைசியில் பொதி கயிறு கூட அவிழ்க்கப்படாமல் திரும்பி வந்தது. அடிப்பகுதியில் இருந்த பிரதிகள் ஈரம் பட்டு ஒட்டிப் போயிருந்தன. விற்காமல் போனதற்காக நான் யாரையும் நோகவில்லை. பெயர் தெரியாத ஒருவரின் முதல் நாவல் எங்கும் தானாக விற்காது. எனினும், நூலைத் தட்டில் வைக்காமலே திருப்பி அனுப்புவது அந்த நூலுக்குக் கிடைக்க வேண்டிய ஒரே வாய்ப்பையும் மறுப்பதாகும். எழுத்தில் ஒப்பம் இல்லாமல் எந்தக் கடைக்கும் நூலைக் கொடுக்காதீர்கள் என்பதே புதியவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்.

இனி விற்பனை. உரிமையாளர் அறுபது வயதைத் தாண்டியவர்; நான் அவரை ஐயா என்றும் அவர் என்னைப் பிள்ளை என்றும் அழைத்துக்கொள்வோம். நாவலைக் கொடுத்து ஒரு வாரம் ஆவதற்குள் அவர் அழைத்து, "பிள்ளை, அரைவாசி வாசிச்சிட்டன். முழுக்க வாசிச்சாத்தான் ஆருக்குக் குடுக்கலாம் எண்டு எனக்குத் தெரியும். அதுவரைக்கும் தட்டில வைக்கமாட்டன்" என்றார். அப்படியே செய்தார். தான் வாசிக்காத நூலை விற்பதில்லை என்பது அவர் பாடநூல்களுக்கு வைக்காத, படைப்பிலக்கியத்துக்கு மட்டும் வைத்திருக்கும் விதி. என் நாவல் கொட்டியாரக் குடாவில் லோஞ்ச் எனப்படும் பயணிகள் படகு ஓடிய காலத்தைப் பற்றியது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முந்திய, திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையிலான வாழ்க்கை நீரின் நிலையையும் வள்ளத்தின் நேரத்தையும் பார்த்து நடந்த காலம் அது. அவர் வாசித்து முடித்ததும் செய்த முதல் காரியம், நூலை நாவல் வரிசையில் செருகி வைக்காமல், மாவட்ட வரலாறு பற்றிய நூல்களுக்கு அருகில் மேலுறை தெரியும்படி நிறுத்தியது. நாவல் வாங்க வராதவர்களும் அங்கே கையை வைப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு.

அந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது. கிண்ணியாவிலிருந்து பிள்ளைகளுக்குப் பயிற்சிநூல் வாங்க வந்த ஓர் ஆசிரியை, தன் தாயார் லோஞ்சில் பிரசவத்துக்குப் போன கதையை அவரிடம் சொல்லி ஒரு பிரதி வாங்கிச் சென்று, அடுத்த மாதம் தன் பாடசாலை நண்பிகளுக்காக மேலும் மூன்று வாங்கியிருக்கிறார். மூதூரிலிருந்து கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அலுவலாக வருகிறவர்கள், தம்பலகாமத்து விவசாயக் குடும்பங்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்து மாணவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பிரதியும் யாருக்குப் போனது என்று அவர் நினைவில் வைத்திருப்பதுடன், வாங்கியவர் மறுமுறை வரும்போது நூல் எப்படியிருந்தது என்று கேட்டு அதையும் எனக்குச் சொல்கிறார். இரண்டாம் பகுதியில் கதை நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்கிறது என்று மூன்று வாசகர்கள் சொன்னதை அவர் மறைக்காமல் சொன்னார். அடுத்த நாவலை எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அதைவிடப் பெறுமதியான செய்தி வேறெங்கிருந்தும் கிடைக்கவில்லை.

இந்தச் சேவையின் அருமையை உணர, நம்முடைய நூல் வெளியீட்டு வழக்கத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கும் விழா நடந்தது. மங்கல விளக்கேற்றலில் தொடங்கி, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை என்று முறைப்படி எல்லாம் நிறைவேறின. முதற்பிரதியைப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொண்டார். பிறகு சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் அழைக்கப்பட, அவர்கள் மேடையேறி, காசு வைத்த கடித உறையைக் கொடுத்துவிட்டு நூலைப் பெற்றுக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். உறவினர், அயலவர், அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள், பழைய ஆசிரியர்கள் என்று வந்த அனைவரும் நூலின் விலையைவிடக் கூடுதலாகவே வைத்திருந்தார்கள். அந்த உறைகள்தான் அச்சகத்துக் கடனை அடைத்தன. பதிப்பகங்கள் முதலீடு செய்யாத ஒரு சமூகத்தில், ஒருவருடைய எழுத்தை ஊரே கைகொடுத்து அச்சேற்றும் இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் இந்த மாவட்டத்தில் வெளிவந்த நூல்களில் பெரும்பகுதி வந்திருக்காது.

ஆயினும், உறை கொடுத்தவர் எழுத்தாளருக்காக வாங்குகிறார், கடையில் காசு கொடுத்தவர் நூலுக்காக வாங்குகிறார். விழாவில் போன பிரதிகள் எத்தனை வாசிக்கப்பட்டன என்பதை என்னால் கேட்க முடியவில்லை. அன்போடு வந்தவர்களிடம் அப்படிக் கேட்பது முறையும் அன்று. விழாவில் 140 பிரதிகள் சென்றன. புத்தகசாலையில் இந்த ஓராண்டில் விற்றவை 61. நூலைப் பற்றி என்னோடு பேசியவர்களில் பெரும்பாலானோர் அந்த 61 பேருக்குள் இருப்பவர்கள். விழா நடந்த மறுநாளுடன் தன் நூலின் வாழ்வு முடிந்துவிட்டதாக எண்ணி, மிகுதிப் பிரதிகளை அலுமாரிக்குள் வைத்துவிடும் எழுத்தாளர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். விழா அச்சுக் கடனைத் தீர்க்கும். வாசகரைத் தேடும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

உரிமையாளர் மாதத்தில் ஒரு மாலை கடையின் பின்னறையில் சிறிய சந்திப்பு ஒன்றையும் நடத்துகிறார். பத்துப் பேர் அமர்ந்தால் அறை நிறைந்துவிடும். மாலையோ பொன்னாடையோ கிடையாது. நூலை வாங்கி வாசித்தவர்கள் மட்டும் வருகிறார்கள், முதல் ஒரு மணி நேரம் எழுத்தாளர் பேசக்கூடாது. என் நாவல் பேசப்பட்ட மாலையில், நான் சாதாரணமாக எழுதிப் போன ஒரு பாத்திரத்தை, துறைமுக மேடையில் பயணச்சீட்டு எழுதும் இளைஞனை, இரண்டு வாசகிகள் நெடுநேரம் விவாதித்தார்கள். அவன் கோழை என்றார் ஒருவர். அவன் ஒருவனே நிலைமையை உணர்ந்தவன் என்றார் மற்றவர். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எந்த மேடையும் தரவில்லை. தேநீருக்கும் வடைக்கும் உரிமையாளரே செலவழிக்கிறார், அறைக்கு வாடகையும் வாங்குவதில்லை.

இந்த ஊருக்கும் தமிழ் நாவலுக்கும் உள்ள உறவு பழையது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று கருதப்படும் 'மோகனாங்கி' 1895இல் வெளிவந்தது. அதை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையைச் சேர்ந்தவர். அந்த நூல் அச்சானது சென்னையில். இன்றும் இங்கே எழுதப்படும் நாவலைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சிட்டு, பேருந்தில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவரும் நிலைதான் பலருக்கு. எழுதும் இடமாக இருந்துவரும் ஊர், நூல் விற்கும் இடமாகவும் ஆக வேண்டும் என்றால் இத்தகைய கடைகள் நிலைக்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இடம் மிகவும் நெருக்கமானது. நாவல்கள் உள்ள தட்டு கடையின் பின்பக்கத்தில், வெளிச்சம் குறைந்த மூலையில் இருக்கிறது. ஏற்கெனவே அறிந்தவர் தவிர மற்றவர் அங்கே போகமாட்டார். பாடசாலைத் தவணை தொடங்கும் நாட்களில் கொப்பிக் கட்டுகள் அந்த வழியையும் அடைத்துவிடுகின்றன. அந்த வாரங்களில் இலக்கிய நூல் எதுவும் விற்பனையாவதில்லை. வங்கி அட்டை ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. ஒரு தடவைக்கு இருபது பிரதிகளுக்கு மேல் வாங்கி வைக்க இடமும் இல்லை. தட்டுக்கு மேலே ஒரு மின்குமிழ் பொருத்துவதற்கு ஆகும் செலவு ஒரு நூலின் விலை கூட இராது. அதை அவர் உடனே செய்ய வேண்டும்.

பெரிய குறை, வெளியூருக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லாதது. முகநூலில் நூலின் மேலுறையை நான் பகிர்ந்தபோது, கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள். வான்வழி அஞ்சல் செலவு நூலின் விலையையே தாண்டியதால் பலர் பின்வாங்கினார்கள். பிடிஎஃப் இருந்தால் அனுப்புங்கள் என்று சிலர் கேட்டார்கள். அனுப்பினால் அது ஒரே இரவில் வாட்ஸ்அப் குழுக்கள் எங்கும் பரவிவிடும் என்று அனுபவப்பட்ட எழுத்தாளர்கள் எச்சரித்ததால் நான் அனுப்பவில்லை. மட்டக்களப்பு, வவுனியா, மலையகம் போன்ற உள்நாட்டு இடங்களுக்காவது கடை பொதி அனுப்பலாம். காசை முற்கூட்டியே வங்கியில் வைப்பிடச் செய்யலாம். பொதி கட்டும் வேலைக்கு ஆளில்லை என்று உரிமையாளர் சொல்வது உண்மைதான். பகுதிநேரமாக ஒரு மாணவரை வைத்துக்கொண்டு, அஞ்சல் செலவுடன் ஒரு சிறு கூலியையும் வாங்குபவரிடம் சேர்த்துக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள் என்பது என் கருத்து. இப்போதைக்கு அந்த வேலையை நானே செய்கிறேன்.

இதற்கு ஒரு விதிவிலக்கு ஆடி, ஆவணி மாதங்கள். அப்போது புலம்பெயர்ந்த உறவுகள் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊர் வருகிறார்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளை நிறைக்கும் உல்லாசப் பயணிகளால் தமிழ் நூலுக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுக் கடைத்தெருவுக்கு வரும் இந்தப் புலம்பெயர்ந்தவர்கள், ஊரைப் பற்றிய நூல் என்று சொன்னால் விலை கேட்காமல் வாங்குகிறார்கள். அந்த இரண்டு மாதங்களில் விற்றது என் மொத்தக் கடை விற்பனையில் ஏறத்தாழ அரைவாசி. ஆகவே நாவலை அச்சிடத் திட்டமிடுபவர்கள் ஆனி மாதத்துக்குள் பிரதிகள் கடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

நூலகங்கள், பாடசாலைகள் ஆகியவற்றுக்கான விற்பனையில் இந்தக் கடை தலையிடுவதில்லை. அதை எழுத்தாளரே கடிதம் எழுதி, நேரில் போய்ச் செய்ய வேண்டும்.

என் மதிப்பீட்டில், முதல் நூலை வெளியிட்டவர் திருகோணமலையில் முதலில் போக வேண்டிய கடை இதுதான். விரைவில் காசு பார்க்க விரும்புபவருக்கு இது ஏற்றதன்று. நூலை யார் வாசித்தார்கள் என்று அறிய விரும்புபவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. போகும்போது ஒரு பிரதியை மட்டும் கொண்டுபோய் அவர் வாசிக்கக் கொடுங்கள்; முழுப் பொதியையும் சுமந்துகொண்டு போக வேண்டாம். நூலைப் பற்றி ஒரு பக்கத்துக்குள் எழுதிய குறிப்பும் உங்கள் தொலைபேசி எண்ணும் உள்ளே இருக்கட்டும். தவணை தொடங்கும் வாரங்களைத் தவிர்த்து, பாடசாலை விட்ட சனம் குறைந்த பின்னர், மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் அவர் இருந்து பேசுவார். பதில் சொல்ல இரண்டு வாரமாவது எடுத்துக்கொள்வார். இடையில் அழைத்து அவசரப்படுத்த வேண்டாம். ஏற்றுக்கொண்டால் பற்றுச்சீட்டின் ஒரு பிரதியை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.